பிவிசி பைப்பில் கல் மெருகேற்றும் பேரல்

[திரையில்: ஒரு கையில் சொரசொரப்பான கூழாங்கல், மறு கையில் மினுமினுக்கும் கல்]

இரண்டும் ஒரே இடத்தில் பொறுக்கியவை. ஒன்று எடுத்தபடியே இருக்கிறது, இன்னொன்று ஐந்து வாரம் ராக் டம்ப்ளரில், அதாவது கல்லை உருட்டி மெருகேற்றும் இயந்திரத்தில் சுற்றியது. மோட்டார் ரோலர்களைச் சுழற்றும், ரோலர் மேல் பேரல் உருளும், பேரலுக்குள் கல், தண்ணீர், அரைப்புத் தூள். இன்றைக்கு அந்தப் பேரலை மட்டும் செய்வோம்.

கடையில் 110 மிமீ எஸ்டபிள்யூஆர் பைப் (கழிவுநீர், மழைநீர் போகும் பைப்) கேளுங்கள். டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. சுவர் தடிமனான டைப் பி வேண்டும். 20 செமீ துண்டு போதும். ஹேக்சாவால் நேராக அறுக்க ஒரு வழி: பைப்பைச் சுற்றி ஒரு தாளைச் சுற்றுங்கள். தாளின் ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்தால் அதுதான் நேர்கோடு. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். ஒரு முனையில் எண்ட் கேப்பை சால்வென்ட் (பிவிசி பசை) தடவி ஒட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாடை தலையைப் பிடிக்கும். மறுமுனைக்கு மரை உள்ள கழுத்தும் திருகு மூடியும் வேண்டும். அதை இப்போதே ஒட்டிவிடாதீர்கள்.

[திரையில்: வெறும் பைப்புக்குள் கற்கள் சறுக்குவது]

ஏன் என்று இங்கே பாருங்கள். பிவிசியின் உட்சுவர் வழவழப்பு. பேரல் சுழல்கிறது, கற்களோ ஒரே குவியலாக அடியில் சறுக்கிக்கொண்டே கிடக்கின்றன. என் முதல் பேரலில் இதுதான் நடந்தது. ஒரு வாரம் கழித்துத் திறந்தால், கற்களில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கல் உருண்டையாக வேண்டுமென்றால் சுவர் அதைப் பிடித்து மேலே தூக்கிப்போக வேண்டும், அங்கிருந்து மற்ற கற்கள் மேல் அது புரண்டு இறங்க வேண்டும். பேரலில் கவனம் செலுத்த வேண்டிய இடம் இந்தச் சுவர்தான்.

பழைய லாரி ட்யூப் ஒன்றை வெட்டி விரியுங்கள். பைப்பின் உட்சுற்றளவை ஒரு காகித நாடாவால் அளந்து, அதைவிட 2 மிமீ கூடுதலாக ரப்பரை வெட்டுங்கள். உள்ளே நுழைத்தால் இரு ஓரங்களும் முட்டி, ரப்பர் தானே விறைத்து நிற்கும். பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினால் அசையாது. ரப்பருக்குப் பதில் அரை அங்குல பைப்பைப் பிளந்து மூன்று வரம்புகளாக உள்ளே ஒட்டுபவர்களும் உண்டு. கல் புரளும், ஆனால் கெட்டியான வரம்பில் மோதி விளிம்பு சிதறும். எனக்கு ரப்பர்தான் பிடிக்கும், சத்தமும் குறைவு.

குஜராத்தின் கம்பாத்தில் கார்னீலியன் என்ற செந்நிறக் கல் மணிகளை மெருகேற்ற முன்பு தோல் பை வைத்திருந்தார்கள். மணி, எமரி என்ற அரைப்புத் தூள், தண்ணீர் மூன்றையும் போட்டுக் கட்டி, இருவர் எதிரெதிரே இருந்து நாள்கணக்கில் உருட்டுவார்கள். தோலும் ரப்பர் மாதிரிதான்: கல்லைப் பிடிக்கும், ஆனால் உடைக்காது.

இப்போது கழுத்தை ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். அப்புறம் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்கப் படுக்க வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் சரி.

வெளிப்புறத்தில் சைக்கிள் ட்யூப் வளையம் இரண்டு மாட்டுங்கள், ரோலரில் வழுக்காது. ரோலரின் நீளம் கேப்புக்கும் கழுத்துக்கும் இடையில் அடங்கினால், அந்தப் பருத்த முனைகளே பேரல் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும்.

வேகம். உள்விட்டம் 100 மிமீ என்றால், நிமிடத்துக்குச் சுமார் 134 சுற்றில் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும், விழவே விழாது. நமக்கு வேண்டியது 40 முதல் 60 வரை. 20 மிமீ ரோலர் ஐந்தரை முறை சுற்றினால் பேரல் ஒரு முறை சுற்றும். அதாவது ரோலர் 250 சுற்று ஓடினால் பேரல் 45. காதை வைத்துக் கேளுங்கள். இடைவிடாத சலசலப்பு என்றால் நல்லது. 'சர்ர்' என்று இழுத்து 'தொப்'பென்று விழுந்தால் கற்கள் இன்னும் சறுக்குகின்றன.

பேரலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கல், மேல் கல்லைத் தொடும் அளவுக்குத் தண்ணீர், கிலோவுக்கு 4 மேசைக்கரண்டி சிலிக்கான் கார்பைடு தூள். முதலில் 60/90 (இது துகளின் அளவெண், எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்), பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம், முதல் கட்டம் மட்டும் இரண்டு வாரம்கூட ஆகும். மூடுமுன் மரையை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு துகள் மாட்டினாலும் மரையை அரித்துவிடும்.

முதல் சில நாட்கள் தினமும் மூடியைத் திறங்கள். சில கற்களிலிருந்து வாயு கிளம்பும். ரப்பர் மூடி உப்பி எச்சரிக்கும், பிவிசி மூடி எதையும் காட்டாது.

[திரையில்: வாளியில் சாம்பல் நிறக் கூழ்]

இந்தக் கூழை சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகிப்போகும். வாளியில் தெளியவிட்டு, அடி மண்டியைக் குப்பையில் போடுங்கள். காயவிட்டுக் கிளறாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொன்று: கடைசி மெருகுக்கென்றே தனியாக ஒரு பேரல் செய்துகொள்ளுங்கள். ரப்பர் முட்டும் அந்த இடுக்கில் 60/90 துகள் ஒன்று ஒளிந்திருந்தாலும், ஒரு வார மெருகில் கீறல் விழும்.