எந்த வேலை எந்த ஆலைக்கு?

நேயர்களுக்கு வணக்கம். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஆலைகள் இருந்தால், வரும் ஆர்டர்களைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். திட்டமிடல் பிரிவில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் பிரித்தேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். மூன்று கறுப்பு, மூன்று வெள்ளை என்று ஆறு பெயின்ட் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். நிறம் மாற்றினால் குழாய், துப்பாக்கி எல்லாம் கழுவ இரண்டு மணி நேரம். வந்த வரிசையிலேயே மாற்றி மாற்றிக் கொடுத்ததில், முதல் ஆலைக்குக் கறுப்பு, வெள்ளை, கறுப்பு. அடுத்ததற்கு வெள்ளை, கறுப்பு, வெள்ளை. வேலை மூன்று மணி, கழுவுவது நான்கு மணி, ஆக ஏழு. ஓர் ஆலைக்குக் கறுப்பு மட்டும், மற்றதற்கு வெள்ளை மட்டும் என்றால் மூன்றே மணி நேரம். இதிலும் பாதிப் பாதிதான்!

சரி, எல்லா வழிகளையும் கம்ப்யூட்டரே போட்டுப் பார்க்கட்டுமே என்பீர்கள். பத்து வேலைகளை இரண்டு ஆலைகளுக்குப் பிரிக்கவே 1,024 வழிகள். எது முன்னே, எது பின்னே என்பது அதற்கு அப்புறம். 1963-இல் ஃபிஷர், தாம்சன் என்ற இருவர் பத்து வேலை, பத்து மிஷின் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். ஒரே பட்டறைக்கான கணக்குதான். எல்லா வேலையும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் 930 அலகு என்று நிரூபிக்க 1989 வரை ஆயிற்று. அதனால் நாங்கள் ஆகச் சிறந்த அட்டவணையைத் தேடுவதில்லை. நடுவில் ஒரு மிஷின் நின்றாலும் குலையாத அட்டவணை கிடைத்தால் போதும்.

ஓர் ஆலையில் பாகம், இன்னோர் ஆலையில் அசெம்பிளி என்றால் விஷயமே வேறு. லாரி மாலை ஐந்து மணிக்கு ஒரு முறைதான் கிளம்புகிறது என்று வையுங்கள். பாகம் காலை பத்துக்கு முடிந்தாலும் நாலரைக்கு முடிந்தாலும் ஒன்றுதான். ஐந்தேகாலுக்கு முடிந்தால் ஒரு நாள் போச்சு. ஆனால் மிஷின் சும்மா நின்றாலே மேலாளர்களுக்கு மனசு கேட்காது. அவசரமில்லாத வேலையை முன்னால் ஏற்றிவிடுவார்கள், லாரிக்குப் போக வேண்டியது பின்னால் போய்விடும்.

இப்போதெல்லாம் என் பிரிவுக்குப் புதிதாக வருகிறவரிடம் நான் மிஷின் பட்டியலைக் கொடுப்பதில்லை. முதலில் லாரி ஓட்டுநரிடம் போய் நேரம் கேட்டு வரச் சொல்கிறேன்.