மணலுக்குள் ஒரு வெப்பமானி

(கடலோர ஊர்க் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட வன அலுவலர் அவர்களே, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அவர்களே, இடமும் கொடுத்துப் பந்தலும் போட்டுத் தந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, ராத்திரியெல்லாம் கரையில் நடந்து ஆமைத் தடம் தேடும் தம்பி தங்கைகளே, மீன் வியாபாரத்தை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். "கடல் முன்ன மாதிரி இல்ல" என்று தலைவர் தம் உரையில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த வரிக்கு உரை சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

மூன்று செய்தி பேசலாம் என்று வந்தேன். ஒன்று மழை. இரண்டு ஆமை. மூன்று மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை. மூன்றுக்கும் பொதுவாக, கடலில் இறங்கும் பிள்ளைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தரும் ஒரு பழமொழி உண்டு: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

பூமியில் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் காயல்பட்டினம் கண்டது. 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அது அதிகம். மழையைப் பற்றி இது போதும். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆமைக்கு வருகிறேன். நம் கரைக்கு ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை முட்டையிட வருவது பங்குனி ஆமை. ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை. 45 முதல் 60 நாளில் பொரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போனால் ஆண் கூடும். 32ஐத் தாண்டினால் அநேகமாக எல்லாம் பெண். 35ஐத் தாண்டி அப்படியே நின்றால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் பொறுத்தருள வேண்டும். அங்கே பெரும் பவளத்திட்டின் வட கோடியில் ரெய்ன் தீவு என்று ஒரு சின்னத் தீவு. உலகிலேயே பச்சை ஆமைகள் அதிகமாக முட்டையிடும் இடங்களில் அது ஒன்று. சில இரவுகளில் ஆயிரக்கணக்கில் கரையேறும். பார்க்கிறவர்களுக்கு என்ன குறை தெரியும்? ஆய்வாளர்கள் கரையில் தேடாமல், ஆமைகள் மேயும் கடற்பரப்புக்கே போய்ப் பிடித்தார்கள். ஆண் ஆமைக்கு வால் நீளம் என்பது நம் மீனவர்களுக்குத் தெரியும். ஆனால் அது வளர்ந்த பிறகுதான். இளசுகளை வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. அதனால் ரத்தத்தில் ஹார்மோன் பார்த்தார்கள், சிறு துளையிட்டு உள்ளே கருவி செலுத்திப் பார்த்தார்கள். எந்தக் கரையில் பிறந்தது என்பதை மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 2018இல் முடிவு வெளிவந்தது. வடக்குக் கரைகளில் பிறந்த வளர்ந்த ஆமைகளில் சுமார் 87 சதவீதம் பெண். சரி, போகட்டும். இளசுகளில்? 99 சதவீதத்துக்கும் மேல் பெண்! நூறு வீட்டில் பெண் இருந்து ஒரே வீட்டில் மாப்பிள்ளை இருக்கும் ஊரை நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே. தெற்கே, சூடு குறைந்த கரைகளில் பிறந்தவற்றில் பெண் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே இனம், ஒரே கடல், மணல் சூடு மட்டும் வேறு. இது இருபது ஆண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. முட்டையும் வந்தது, குஞ்சும் வந்தது, கணக்கில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஓர் ஆண் பல பெண்ணோடு சேரும், அதனால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவு வரை சரிதான். ஆனால் பங்குனி ஆமை பருவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். ஆண் தீர்ந்துபோனது நமக்குத் தெரியவரும்போது அத்தனை ஆண்டுக் குஞ்சும் கையை விட்டுப் போயிருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இதற்குத்தான்.

கரையில் எடுத்த முட்டையைப் புதைத்துப் பொரிக்க வைக்கும் நம் பொரிப்பகங்களில் இதற்கு என்ன செய்யலாம்? முட்டையை எடுத்தது முதல் குஞ்சு விடுவது வரை எண்ணிக்கை எழுதுகிறோம். சூடு எழுதுகிறோமா? என் கோரிக்கையே அதுதான். ஒரு மீட்டர் கம்பியின் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி, மீன் தொட்டிக்கு விற்கிறார்களே, அதுவே போதும். முதலில் ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் முனையை வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூட்டிக் காட்டினால் அதைக் கழித்தே எழுதுங்கள், ஏனென்றால் இங்கே ஒரு டிகிரியில் ஆண் பெண்ணாகிவிடும். முட்டைக் குவியலின் நடுவில் முனையை வைத்து மூடுங்கள். காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளை எழுதுங்கள். அடைகாலத்தின் நடுப்பகுதி, அதாவது ஏறக்குறைய 15ஆம் நாளிலிருந்து 35ஆம் நாள் வரை, ஒருநாளும் விடாதீர்கள். ஆண் பெண் முடிவாவது அப்போதுதான்.

அடுத்து ஆழம். குழி ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடிப்பகுதி அகன்று இருக்க வேண்டும். விடிகாலை அசதியில் ஓர் அடியோடு நிறுத்திவிட்டால் பகல் சூடு நேராக முட்டைக்கு இறங்கும். பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது! குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள், வளரும் கருவும் சூடு விடும். முட்டையை எடுத்த சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் புதைத்துவிட வேண்டும். தாமதித்துப் புரட்டினால் ஓட்டோடு ஒட்டத் தொடங்கிய கரு அறுந்துபோகும். போன வருட இடத்திலேயே இந்த வருடமும் புதைக்காதீர்கள், அழுகலும் பூஞ்சையும் எறும்பும் அங்கே காத்திருக்கும்.

நிழலுக்கு 50 சதவீத நிழல்வலை, ஆள் குனியாமல் நடக்கும் உயரத்தில். கீற்றும் ஆகும். மணல்மேல் நேராகப் போர்த்தினால் காற்றோட்டம் கெடும். பொரிப்பகம் முழுவதையும் மூட வேண்டாம், நமக்கு ஆண் பெண் இரண்டும் வேண்டும். பிப்ரவரி கடைசியில் சூடு ஏறும்போது பாதியை மூடி, எழுதிய கணக்கைப் பார்த்து மீதியை முடிவு செய்யலாம். குளிரட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது தவறு. முட்டை மணல் இடுக்கு வழியாக மூச்சு விடுகிறது, இடுக்கில் நீர் நின்றால் மூச்சு முட்டும். பருவம் தவறிய பெருமழையில் குழி குழியாகக் கெட்டுப்போவதும் இதனால்தான்.

விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவலைக்குள் மணிக்கணக்கில் மாட்டினால் மூழ்கிச் சாகும். சீசனின் தொடக்கத்தில்தான் மணல் குளிர்ச்சி, ஆண் குஞ்சு பிறக்க வாய்ப்புள்ள முட்டைகள் அப்போது வருபவையே. ஜனவரித் தாயை இழந்தால் நாம் இழப்பது அந்த ஆண்களை. மார்ச்சில் எத்தனை முட்டை எடுத்தாலும் அதற்கு ஈடாகாது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் 5 கடல் மைலுக்கு வெளியே வலை இழுங்கள். வலையில் ஆமை விலக்கி பொருத்துங்கள். கம்பிச் சட்டத்தில் இறால் உள்ளே போகும், ஆமை மேல் கதவு வழியாக வெளியேறும்.

பவளப்பாறைக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வன அலுவலர் அவர்கள் இந்தச் சீசனுக்குள் ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் இரண்டு வெப்பமானியும் ஒரு நிழல்வலையும் தர வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தின் சார்பில் மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துத் தாள் பந்தல் வாசலில் இருக்கிறது. மூன்று வேளை கணக்கு எழுத முன்வரும் மாணவர்கள் தலைமை ஆசிரியர் அம்மாவிடம் பெயர் கொடுங்கள். இரவு வேளைக்கு மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் துணைக்கு வர வேண்டும். நன்றி, வணக்கம்.