வீட்டுத் தோட்டத்துக்குக் கோல்டன் ஏக்கர் கோஸ்

நேயர்களுக்கு வணக்கம். சந்தையில் அச்சில் வார்த்தது போல அடுக்கியிருக்கும் முட்டைக்கோஸ் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். வயல் முழுக்க ஒன்றாக அறுவடைக்கு வரவேண்டும் என்பதற்காக உருவாக்கியது. வீட்டில் பத்துச் செடி வைப்பவருக்கு அது தொல்லைதான். திங்கள் பொரியல், செவ்வாய் கூட்டு, புதன் மறுபடி பொரியல் என்றால் வீட்டில் யார் சாப்பிடுவார்கள்?

கோல்டன் ஏக்கர் பழைய ரகம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் மார்க்கெட் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. நாற்று நட்டு 60, 65 நாளிலிருந்து தலைகள், அதாவது கோஸ் உருண்டைகள், முன்னும் பின்னுமாக முற்றும். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. வியாபாரிக்கு அது குறை. நமக்கு வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் கிடைக்கும்.

சமவெளியில் விதைக்கும் நாள் தவறினால் எல்லாம் தவறும். தலை இறுகுவதற்கு 15 முதல் 20 டிகிரி குளுமை பிடிக்கும்; 25-ஐத் தாண்டினால் இலை விரியுமே தவிர உருண்டை இறுகாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் விதைத்துவிட்டால், தலை கட்டும் காலம் டிசம்பர், ஜனவரியில் விழும். டிசம்பரில் விதைத்தவருக்கு மார்ச் வெயிலில் இலைக்கொத்துதான் மிஞ்சும். ஓசூர், கோவை மாதிரி ஊர்களில் நன்றாக வரும். கடலோர ஊர்களில் தலை சிறுத்துத்தான் வரும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

நாற்று வளர்க்கும் குழித்தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். முளைத்ததும் நல்ல வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் நாற்று நெடுநெடுவென்று போய்ச் சாயும். தண்ணீர் தேங்கினால் தண்டு அடியில் அழுகும். 25 முதல் 30 நாளில், நாலைந்து இலை இருக்கும்போது நடவேண்டும். நடுக்குருத்து இல்லாத நாற்று தலை கட்டாது, பார்த்ததும் எறிந்துவிடுங்கள்.

செடிக்குச் செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. பைகளில் என்றால் பைக்கு ஒரு செடிதான். குழிக்கு மக்கிய எரு இரண்டு கைப்பிடி, வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். மூன்றாவது வாரத்தில், 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர்விட்டுச் செடிக்குக் கால் லிட்டர் ஊற்றலாம். தலை இறுக ஆரம்பித்ததும் தழைச்சத்து தரும் இந்தப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்திவிடவேண்டும்.

இனி கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி. இலையைத் திருப்பிப் பாருங்கள். அதன் பச்சைப் புழு அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடி போல விட்டுவைத்திருக்கும். தொட்டால் பின்னோக்கித் துள்ளி, நூலில் தொங்கும். நடவுக்கு 15 நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்தால் பூச்சி அதில் முட்டையிடும். அந்தக் கடுகைத் தவறாமல் கவனியுங்கள், இல்லாவிட்டால் நீங்களே புழுப் பண்ணை வைத்ததாகும். வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, மாலையில் தெளியுங்கள். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் கரைசல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் ஒட்டும். இலையின் அடிப்பக்கம் நனையவேண்டும்.

முற்றிய தலை வெடிப்பதற்குக் காரணம் தண்ணீர். காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால், அல்லது மழை கொட்டினால், உள்ளிலைகள் வேகமாகப் பருத்து வெளிச்சுற்றைக் கிழிக்கும். அப்படித் தெரிந்தால் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கால் சுற்றுத் திருப்புங்கள். சில வேர்கள் அறுந்து நீர் உறிஞ்சுவது குறையும், சில நாள் தாங்கும்.

கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்காத தலையை அறுக்கலாம். அடியிலைகள் நாலைந்தை விட்டு அறுத்து, தண்டின் வெட்டுமுகத்தில் கத்தியால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். இன்னும் குளுமை மிச்சமிருந்தால் பக்கக் குருத்துகள் கிளம்பி, எலுமிச்சை அளவுக்குச் சின்னச் சின்னத் தலைகளாக வரும்.