அப்போதே ஐந்துக்கு ஐந்து

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் நம் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பின்பக்கத் திடலில் பேஸ்பால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், தரையோடு உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து ஓடிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவர், "டேய் பக்னர்!" என்று கத்தினார். நம் ஆள்தான். பையனுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. ஆனால் அது வசவு என்று மட்டும் புரிந்துவிட்டது, முகம் சுண்டிப்போனது. பாஸ்டனைச் சுற்றி வாழும் நாம் இந்த ஊர்க்காரர்களிடம் எத்தனையோ நல்லதைக் கற்றிருக்கிறோம். இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான், இன்றைக்கு என்ன தலைப்பு என்று கேட்டவர்களிடம், பில் பக்னரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலில் அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம் முதல் பேஸ். அவன் வந்து சேர்வதற்குள் பந்து அங்கே வந்துவிட்டால் அவுட். தப்பித்து, இரண்டாவது, மூன்றாவது பேஸையும் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பி உள்ளே வந்தால் ஒரு ரன். ஆகவே, தரையோடு அடித்த பந்துகளில் பெரும்பாலானவை கடைசியில் முதல் பேஸில் நிற்பவர் கையுறைக்குத்தான் வந்து சேரும். பக்னர் அங்கே நின்றவர்.

அவர் 1949 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் வல்லேஹோ நகரில் பிறந்தவர். 1968-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பத்தொன்பது வயதில் பெரிய லீகில் கால் வைத்துவிட்டார். ஆரம்பத்தில் வெளிமைதானத்திலும் ஆடினார், நல்ல ஓட்டக்காரர். 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி அட்லாண்டாவில் ஹேங்க் ஏரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை, அதாவது ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வரும் அடியை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது பக்க வேலியில் தொற்றி ஏறி, எட்டாது என்று தெரிந்தும் அந்தப் பந்துக்காகக் கை நீட்டுகிறாரே ஒரு வாலிபர், அவர்தான் பக்னர்.

அடுத்த ஆண்டு, 1975 ஏப்ரலில், இரண்டாம் பேஸுக்குச் சறுக்கிப் போனபோது இடது கணுக்கால் மோசமாகப் பிசகியது. அறுவை சிகிச்சை செய்தார்கள். கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் பழைய கால் ஆகவே இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஐஸ், ஆட்டம் முடிந்த பின்னால் ஐஸ் என்று பதினைந்து ஆண்டுகள் ஆடினார். 1977 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரைச் சிகாகோ கப்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. ஓட முடியாதவர் என்பதால் முதல் பேஸில் நிறுத்தினார்கள்.

அங்கேதான் அவர் தன் மட்டையால் பேசினார். 1980-இல் .324 சராசரியோடு தேசிய லீகின் சிறந்த பேட்டர் பட்டம் வாங்கினார். அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 324 ஹிட், பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸைச் சேர்வதுதான் ஹிட். 1981-இல் ஆல் ஸ்டார் அணியில் இடம். எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 22 சீசன்களில், ஒன்பதாயிரம் முறைக்கு மேல் மட்டை பிடித்து, மொத்தமே 453 தடவைதான் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இன்றைய ஆட்டக்காரர்களில் ஒரே சீசனில் இருநூறைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். பந்தின் மேல் அவருக்கு இருந்த கண் அப்படிப்பட்டது.

1984-இல் கப்ஸ் அவரை உட்கார வைத்துவிட்டு, முதல் பேஸை லியான் டரம் என்ற இளைஞருக்குக் கொடுத்தது. மே மாதம் பக்னரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோவில், ஜெயித்தால் உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டிக்குப் போகலாம் என்ற கடைசி ஆட்டத்தில், தரையோடு வந்த ஒரு பந்து டரம் கால்களுக்கு நடுவே போனது. கப்ஸ் தோற்றது. பக்னரின் இடத்தைப் பிடித்தவருக்கு நடந்ததை, இரண்டு ஆண்டு கழித்து நடந்ததோடு சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த இடத்தில் நிற்கிற யாருக்கும் வரக்கூடியதுதான் அது.

சரி, 1986-க்கு வருவோம். பக்னருக்கு வயது 36. அந்த சீசனில் 18 ஹோம் ரன் அடித்தார், தன் அடிகளால் 102 ரன்களைக் கொண்டுவந்தார். அவர் இல்லாமல் பாஸ்டன் உலகத் தொடருக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம். அதற்குள் இரண்டு கணுக்காலும் கெட்டிருந்தன. குதிகால் நரம்பும் வலித்தது. கணுக்காலை மூடும் உயரமான காலணி போட்டுக்கொண்டு நொண்டியபடி ஆடினார். அந்தத் தொடரில் அவர் மட்டை ஓடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், சராசரி .188தான்.

அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம். நான்கு ஆட்டம் ஜெயித்தால் பட்டம், பாஸ்டன் தொடரில் 3-2 என்று முன்னிலை. 1918-க்குப் பிறகு பட்டம் வாங்காத அணி. பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் இரண்டு ரன் எடுத்து 5-3. எதிரணியான மெட்ஸின் முதல் இருவரும் அவுட். இன்னும் ஒரே ஓர் அவுட். பாஸ்டனின் உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் தெறிக்காமல் இருக்க பிளாஸ்டிக் திரை கட்டிவிட்டார்கள். அதுவரை நடந்த வெற்றிகளில் கடைசி இன்னிங்ஸ்களில் பக்னரை எடுத்துவிட்டு, டேவ் ஸ்டேபிள்டனை முதல் பேஸில் நிறுத்தி வந்தார் மேலாளர் ஜான் மெக்நமாரா. அன்றைக்கு எடுக்கவில்லை.

இனிமேல் வருவதை விரல் விட்டு எண்ணுங்கள், பிள்ளைகளே. கேரி கார்ட்டர் ஒரு ஹிட். கெவின் மிட்செல் ஒரு ஹிட். ரே நைட் ஒரு ஹிட். கார்ட்டர் உள்ளே வந்தார், 5-4. பந்து வீசிய கால்வின் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். எதிரில் மூக்கி வில்சன். ஸ்டான்லி வீசிய ஒரு பந்து வில்சன் மேலேயே பாய்ந்தது. வில்சன் துள்ளி விலகினார், பந்து பின்னால் ஓடியது. மிட்செல் உள்ளே வந்துவிட்டார். 5-5. நைட் இரண்டாம் பேஸுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஐந்துக்கு ஐந்து. முன்னிலை போய்விட்டது. இந்த இன்னிங்ஸில் பக்னர் கையுறைக்கு இதுவரை ஒரு பந்தும் வரவில்லை.

அந்த முறை வில்சன் சந்தித்த பத்தாவது பந்து. மெதுவாக, முதல் பேஸ் கோட்டை ஒட்டி, குட்டிக் குட்டியாகத் துள்ளி உருண்டது. பக்னர் பேஸுக்குப் பின்னால் நின்றிருந்தார். இடது பக்கம் நகர்ந்து குனிந்தார். கையுறை தரையைத் தொட்டிருக்க வேண்டும். தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் பந்து அடியில் புகுந்து, கால்களுக்கு நடுவே, பின்னால் புல்வெளிக்குப் போய்விட்டது. நைட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார். 6-5.

பக்னர் அதைப் பிடித்து அவுட் ஆக்கியிருந்தாலும் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குத்தான் போயிருக்கும். பாஸ்டன் ஜெயித்திருக்காது, சமத்தில் நின்றிருக்கும். அப்புறம், அது ஆறாவது ஆட்டம். ஏழாவது ஒன்று இருந்தது. அக்டோபர் 27-ஆம் தேதி ஆறாவது இன்னிங்ஸ் வரை பாஸ்டன் 3-0 என்று முன்னிலையில் இருந்து, 8-5 என்று தோற்றது. அந்த ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து வந்து முதல் ஹிட்டை அடித்தவர் பக்னர். ஜிம் ரைஸ் அடுத்த ஹிட். டுவைட் எவன்ஸ் இரண்டாம் பேஸ் வரை ஓடும்படி அடித்த அடியில் இருவரும் உள்ளே வந்தார்கள். இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மூன்று ஹிட் விட்டுக்கொடுத்தவர், பந்தைத் தாறுமாறாக வீசியவர், ஆளை மாற்றாதவர் என்று எத்தனையோ பேர் கை பட்டது அந்தத் தோல்வியில். பழி முழுவதையும் நொண்டிக்கொண்டு நின்றவர் தலையில் ஏற்றினோம்.

அடுத்த ஜூலையில் பாஸ்டன் அவரை விடுவித்தது. ஏஞ்சல்ஸ், ராயல்ஸ் என்று ஆடினார். மிரட்டல்கள் வந்தன. போகிற இடமெல்லாம் அந்தப் பந்தைச் சொல்லியே சீண்டினார்கள், பிள்ளைகள் காதில் விழும்படியாகவும். கடைசியில் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி பக்கம் போய்விட்டார். அந்தப் பந்தையோ 1992-இல் ஒரு நடிகர் 93,500 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். மூக்கி வில்சன் மட்டும் அவரை விடவில்லை. இருவரும் நண்பர்கள் ஆனார்கள். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

பாஸ்டன் 2004-லும் 2007-லும் பட்டம் வாங்கிய பிறகு, 2008 ஏப்ரல் 8-ஆம் தேதி ஃபென்வே பார்க்கில் முதல் பந்தை வீச அவரை அழைத்தார்கள். ஏரனின் 715-க்குக் கை நீட்டிய அதே ஏப்ரல் 8. 34 ஆண்டு கழித்து. மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தைப் பிடிக்கக் குனிந்து உட்கார்ந்தவர் டுவைட் எவன்ஸ். 2019 மே 27-இல், டிமென்ஷியா நோயால், 69 வயதில் பக்னர் காலமானார். அவர் கணக்கில் 2,715 ஹிட்கள் இருக்கின்றன. பாஸ்டனின் தெய்வம் என்று கொண்டாடப்படும் டெட் வில்லியம்ஸ் கணக்கில் 2,654.

வேலியோரம் கத்திய அண்ணனும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பையனும் இருக்கிறான். தம்பி, உன்னிடம் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

1990-இல், நாற்பது வயதில், பக்னர் மறுபடி பாஸ்டனுக்கே ஆட வந்தார். சீசன் தொடங்கிய நாளில் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, ஃபென்வே பார்க்கில், வலது பக்கம் ஒரு பந்தை ஓங்கி அடித்தார். எதிரணியின் கிளாடெல் வாஷிங்டன் அதைத் துரத்திப் போய், தாழ்வான சுவரைத் தாண்டி ரசிகர்கள் மடியில் விழுந்துவிட்டார். பந்து மைதானத்துக்குள்ளேயே கிடந்தது. பக்னர் ஓடினார். முதல் பேஸ், இரண்டு, மூன்று. மொத்தம் 360 அடி, அந்தக் கணுக்கால்களை வைத்துக்கொண்டு. நிற்கவே இல்லை. ஹோம் பிளேட் வரைக்கும் வந்து சேர்ந்தார். அவர் அடித்த 174 ஹோம் ரன்களில் அதுதான் கடைசி.

நன்றி, வணக்கம்.