மருந்துவாழ் மலையில பருந்து எண்ணுகோம், வாங்க மக்களே | குமரி மாவட்டம்

வணக்கம் மக்களே. காத்துச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மைக்குல பஞ்சு சுத்தியும் இவ்வளவுதான். இப்போ நான் நிக்கது மருந்துவாழ் மலை, உச்சிக்குக் கொஞ்சம் கீழ. கேமராவத் திருப்புகேன், பாருங்க. தெக்க கடல். தென்மேக்க பளபளன்னு கிடக்குறது மணக்குடிக் காயல், பக்கத்துல கட்டம் கட்டமாத் தெரியுறது உப்பளம். இந்தா வடக்க, ஆரல்வாய்மொழிக் கணவாய், கரண்டு எடுக்குற முப்பந்தல் காத்தாடிங்க. மலைக்கு அடியில வயல்ல கும்பப்பூ நெல்லு நடவு நடக்குது.

இந்த மலைக்கு மூலிகை தேடி வருவாங்க, நாராயண குரு தவம் இருந்த குகையப் பாக்க வருவாங்க. நான் பருந்து எண்ண வந்திருக்கேன். சம்பளம் கிடையாது. ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பிளாஸ்க் கட்டன்சாயா. புரட்டாசி கடைசியில இருந்து கார்த்திகை வரைக்கும், வடக்க குளிர ஆரம்பிச்சதும் பருந்து, வல்லூறு, பூனைப்பருந்து எல்லாம் தெக்க எறங்கி வரும். அதுல எது எந்த நேரத்துல நம்ம தலைக்கு மேல போகுதுன்னு குறிக்கதுதான் வேலை.

ஏன் மலை மேல நிக்கணும்? வெயில் ஏறினா பாறை சூடாகும், அதை ஒட்டி இருக்க காத்தும் சூடாகி மேல கிளம்பும். பருந்து அதுக்குள்ள புகுந்து றெக்கைய விரிச்சு வச்சுட்டு சும்மா சுத்தும். அடிக்கவே அடிக்காது, லிஃப்ட்ல ஏறுற மாதிரி மேல போயிடும். உச்சிக்குப் போனதும் அடுத்த சூட்டுக்காத்து இருக்க இடத்துக்குச் சறுக்கி வரும். இப்படியே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போயிடலாம், தெம்பும் செலவாகாது. காலையில ஏழு மணிக்கு வந்து உக்காந்தா ஒண்ணும் தெரியாது. ஒம்பது, ஒம்பதரைக்கு மேலதான் ஆட்டமே.

ஆனா கடல் மேல பகல்ல அந்த மாதிரிக் காத்து எழும்பாது. அதனால அகலமான றெக்கை உள்ள கனத்த பறவைங்க கடலக் கண்டா தயங்கும், கரைய ஒட்டியே போகும். மெக்சிகோவுல வேராக்ரூஸ்னு ஒரு இடம், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல ஒடுங்கின சமவெளி, எல்லாம் அது வழியாத்தான் நெருக்கிப் போகும். அங்க ஒரே சீசன்ல 40 லட்சத்துக்கு மேல எண்ணுகாங்க. ஜார்ஜியா நாட்டுல பாத்தூமியில 10 லட்சத்துக்கு மேல.

இப்போ நீங்க கேப்பீங்க, நமக்கும் ஒரு பக்கம் மலை, மூணு பக்கம் கடல், அப்போ இங்கயும் லட்சக்கணக்குல வருமான்னு. வராது மக்களே. அப்படித் தம்ப்நெயில் போட்டா நல்லா ஓடும், ஆனா அது பொய். வேராக்ரூஸுக்குத் தெக்க போறதுக்கு இன்னும் ஒரு கண்டமே இருக்கு. நமக்குத் தெக்க தண்ணி. நம்ம பக்கம் வர்றதுல பலது இங்கயேதான் குளிர்காலத்தக் கழிக்கும். சுசீந்திரம், தேரூர் குளத்துப் பக்கம் சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாப் பறக்கதப் பாத்திருப்பீங்க. அந்தக் குளங்களுக்கு 2022-ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம் கிடைச்சது, தெரியும்ல.

இருங்க, இருங்க. அந்தா, தென்னந்தோப்புக்கு மேல ரெண்டு சுத்துது. ஜூம் பண்ணுகேன். செவப்பா, தலையும் நெஞ்சும் வெள்ளையா இருக்கா? அது நம்ம கிருஷ்ணப்பருந்து, இந்த ஊர்க்காரன். நிறம் தெரியாத தூரத்துல இருந்தா வாலப் பாருங்க. கிருஷ்ணப்பருந்துக்கு வால் நுனி உருண்டு இருக்கும். இன்னொண்ணு இப்போ திரும்புது பாருங்க, வால் நுனி நடுவுல உள்வாங்கி, ரெண்டாப் பிரிஞ்ச மாதிரி இருக்கா? அது கரும்பருந்து. அது வாலத் திருகித் திருகித்தான் திசை மாத்தும். ரெண்டையும் எழுதணும். ஊர்க்காரனா விருந்தாளியான்னு தனிக் குறிப்பும் போடணும்.

நிறத்த நம்பாதீங்க, எதிர்வெயில்ல எல்லாம் கறுப்புதான். உருவத்தப் பிடிங்க. றெக்கை கூர்மையா இருந்தா வல்லூறு. றெக்கைய மேல தூக்கி இங்கிலீஷ் V வடிவத்துல வச்சு ஆடி ஆடி வந்தா பூனைப்பருந்து. தலை சின்னதா, கழுத்து நீளமாத் துருத்தினா தேன்பருந்து. றெக்கை மணிக்கட்டுல மடிஞ்சு இங்கிலீஷ் M மாதிரி இருந்தா விரால் அடிப்பான். மணக்குடிப் பாலத்துப் பக்கம் போனா அது மீனத் தூக்கிட்டுப் போறதக் கவனிங்க. மீன் தலை முன்னாடி பாத்து இருக்கும், காத்து தடுக்காம. பாதத்துல சொரசொரன்னு முள்ளு மாதிரி இருக்கும், ஒரு விரலப் பின்னால திருப்பிப் பிடிக்கவும் செய்யும். வழுக்கவே வழுக்காது.

கூட்டமாச் சுத்தும்போது எண்ணாதீங்க, பைத்தியம் பிடிச்சிடும். மேல ஏறி முடிச்சு ஒண்ணு ஒண்ணா வரிசையாச் சறுக்கும், அப்போ எண்ணுங்க. இன்னொண்ணு, வெறும் நீலவானத்துல தேடினா கண்ணு வலிக்கும், ஒண்ணும் ஆப்டாது. வெள்ளை மேகத்தோட ஓரத்தப் பிடிச்சு மெதுவாத் தடவிட்டே போங்க.

காலையில மேல ஏறும்போது ஒரு பாட்டா கேட்டாரு, "மக்கா, மேல என்னத்த நோக்குக?"

"பருந்து எண்ணுகேன் பாட்டா."

"துட்டு உண்டா?"

"இல்ல பாட்டா."

"எங்க வீட்டுல பருந்து தூக்கின கோழிக்குஞ்சுக்கு நான் கணக்கு வச்சிருக்கேன், வேணுமா?"

வேணும்னுதான் சொன்னேன். விளையாட்டுக்கு இல்ல. எந்த வருஷம், எந்த மாசம்னு அவரு சொன்னா அதுவும் தகவல்தானே.

அமெரிக்காவுல ஹாக் மவுண்டன்னு ஒரு மலை. முன்னாடி அங்க பருந்துகளச் சுட்டுத் தள்ளுவாங்க. ரோசலி எட்ஜ்னு ஒரு அம்மா 1934-ல அந்த மலையக் குத்தகைக்கு எடுத்துச் சரணாலயமா மாத்த வழி பண்ணினாங்க, அப்போ இருந்து எண்ணுகாங்க. 1935-ல இருந்து 39 வரைக்கும் அங்க பறந்த வெண்தலைக் கழுகுல 40 சதவீதம் இளசு. 1957-ல 32 பெரிய கழுகுக்கு ஒரே ஒரு இளசுதான். குஞ்சு பொரிக்கதே ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ராச்சல் கார்சன்னு ஒரு எழுத்தாளர் 1962-ல டிடிடிங்கிற பூச்சிமருந்துக்கு எதிரா எழுதும்போது இந்தக் கணக்கக் காட்டினாங்க. மலையில உக்காந்து எழுதினவங்களுக்கு அன்னைக்கு அது எதுக்குன்னே தெரியாது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். மகாராஷ்டிராவுல சால்கேவாடியில காத்தாடி இருக்க இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு. காத்தாடி இருக்க இடத்துல வேட்டைப் பறவைங்க கிட்டத்தட்ட நாலு மடங்கு குறைவு, ஓணான் கூடுதல். அந்தா முப்பந்தல். நான் காத்தாடிக்கு எதிரி இல்ல, இந்தக் கேமரா சார்ஜ் ஆனதுல அதோட கரண்டும் இருக்கும். ஆனா அதுங்க வர்றதுக்கு முன்னாடி ஐப்பசியில ஒரு மணி நேரத்துக்கு இந்தக் கணவாய்ல எத்தனை பறந்துச்சுன்னு யாராவது கேட்டா, நான் எந்த நோட்ட எடுத்துக் காட்ட? அதனாலதான் சொல்லுகேன், ஒண்ணுமே வராத மணிக்கும் பூஜ்யம்னு எழுதுங்க. காலியா விட்டா நீங்க அங்க இருந்தீங்களா இல்லையான்னே தெரியாது.

நிறைய பேரு அமூர் வல்லூறு வருமான்னு கமெண்ட்ல கேக்கீங்க. சைபீரியா, வட சீனாவுல இருந்து நாகாலாந்து வந்து, அங்க இருந்து இந்தியாவக் கடந்து அரபிக்கடல் மேல நிக்காமப் பறந்து ஆப்பிரிக்கா போகும். எடை 150 கிராம்தான் வரும். கடலக் கடக்குற தும்பிகளத் தின்னுட்டேதான் போகும்னு நினைக்காங்க. இங்க தும்பி கூட்டமா மேல பறக்க நாள்ல நான் ரெண்டு மடங்கு கவனமாப் பாப்பேன். ஆனா அதுக்காக மட்டும் வந்தா ஏமாந்துதான் போவீங்க, கரும்பருந்தையும் ஆசையா எண்ணத் தெரிஞ்சவங்க வாங்க.

வர்றவங்க தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி கொண்டு வாங்க. எட்டு மடங்கு பெருசாக் காட்டுற 8x42 பைனாகுலர் போதும், பெருசு வேண்டாம், கை ஆடும். மேல கடை கிடையாது, கவரக் கீழ கொண்டு போயிடுங்க. ஐப்பசியில மத்தியானம் ஆனா இடி வந்துடும், பாறை மேல நிக்கக் கூடாது, பன்னிரண்டரைக்கு எறங்கிடணும். மேக்க இப்பவே கறுத்துட்டு வருது. நானும் மூட்டை கட்டுகேன். இன்னைக்குக் கணக்கு டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, மணி வாரியா, பூஜ்யத்தோட.