மரங்களைப் போல நடக்கிற மனுஷர்

(மதுரையில் ஒரு சபையின் லெந்துகால (ஈஸ்டருக்கு முந்தின தவக்கால) மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்தில் தருகிறேன்.)

ஆயர் ஐயா அவர்களே, சபையாரே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிற தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

விசுவாசம், ஆவிக்குரிய பார்வை என்று தலைப்பு கொடுத்தார்கள். இயேசுவிடம் பார்வை பெற்ற பர்திமேயுவைப் பற்றிப் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் பிரசங்க மேடைகளில் அதிகம் ஏறாத ஒரு ஆளைப் பார்ப்போம். மாற்கு எட்டாம் அதிகாரம், 22 முதல் 26 வரை. ஊர் பெத்சாயிதா. ஆள் கண் தெரியாதவர், பெயர் இல்லை. நான்கு சுவிசேஷகரில் மாற்கு மட்டும்தான் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, “ஏதாகிலும் காண்கிறாயா?” என்று கேட்கிறார். சுகம் கொடுத்துவிட்டு, சுகம் ஆனதா என்று அவரே கேட்பதை வேறு எங்கே வாசித்திருக்கிறோம்? அந்த மனிதர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்.”

இந்தப் பதிலில்தான் என் மனம் நின்றுபோகும். இவ்வளவு காலம் இருட்டில் இருந்தவருக்கு இவ்வளவாவது தெரிகிறது. தொட்டவரோ ஊரெல்லாம் பேசப்படுகிற போதகர். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “ஸ்தோத்திரம் ஆண்டவரே, நல்லாத் தெரியுது” என்று சொல்லி, சாட்சி சொல்லவும் கிளம்பியிருப்போம். இந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. தெரிகிறது, ஆனால் மங்கலாகத் தெரிகிறது, மனுஷர் மனுஷராகத் தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் கைகளை வைத்தார். அதன் பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

நான் சில வருஷமாகக் கண் முகாம்களுக்கு உதவிக்குப் போகிறேன். மேலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு அட்டை உண்டு. சீப்பு மாதிரி மூன்று பல் உள்ள ஒரு வடிவம், பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். வரிசையில் ஒரு அப்பத்தா நின்றார். முன்னால் இருந்தவர் கை மேலே, இடது, கீழே, வலது என்று போவதை அவர் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும் அட்டையை ஏறிட்டும் பார்க்காமல் மேலே, இடது, கீழே, வலது என்று படபடவென்று காட்டிவிட்டார். சோதிக்கிற பொண்ணு சிரித்துக்கொண்டே அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்பத்தா மறுபடியும் அதே மேலே, இடது, கீழே, வலது. “எல்லாம் தெரியுது தாயி, என்னைய விட்ரு” என்றார். விஷயம் என்னவென்றால், தெரியவில்லை என்று சொன்னால் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் பண்ணிவிடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

நமக்கும் பதில்கள் மனப்பாடம்தானே? ஞாயிறு பள்ளியிலிருந்து மேலே, இடது, கீழே, வலது என்று காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் நம்புவதை எடுத்துச் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அட்டையைத் திருப்பிப் பிடித்தால் என்ன காட்டுவோம்?

மாற்கு இந்தக் கதையை வைத்திருக்கிற இடத்தைப் பாருங்கள். இதற்குச் சற்று முன்னால் சீஷர்கள் படகில் இருக்கிறார்கள். அப்பம் கொண்டுவர மறந்துவிட்டார்கள், படகில் ஒரே ஒரு அப்பம். அதைப் பற்றி அவர்கள் முணுமுணுக்கும்போது இயேசு கேட்கிறார்: உங்களுக்குக் கண்கள் இருந்தும் காண்பதில்லையா? அடுத்த காட்சி பெத்சாயிதா. அதற்கு அடுத்தது பிலிப்புச் செசரியா. அங்கே பேதுரு “நீர் கிறிஸ்து” என்று அறிக்கை செய்கிறார். சரியான பதில், நூற்றுக்கு நூறு. நாலே வசனம் தாண்டினால் அதே பேதுரு, பாடுபட வேண்டும் என்று சொன்ன இயேசுவையே தனியாக அழைத்துக் கடிந்துகொள்கிறார். “எனக்குப் பின்னாகப்போ சாத்தானே” என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பேதுருவின் பார்வையும் அப்போது பாதிதான் வந்திருந்தது. பெத்சாயிதாக்காரர் அதை ஒத்துக்கொண்டார், பேதுரு ஒத்துக்கொள்ளவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கிருந்து எருசலேம் போகும் வழியெல்லாம் இதே கதைதான். யார் பெரியவன் என்று வழியில் சண்டை. யாக்கோபும் யோவானும் வந்து ஒரு காரியம் வேண்டும் என்கிறார்கள். இயேசு கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன் உட்கார வேண்டுமாம். பதவி! அதே அதிகாரத்தின் கடைசியில் எரிகோ வருகிறது, வழியோரத்தில் பர்திமேயு பிச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடமும் இயேசு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். “ஆண்டவரே, நான் பார்வையடையவேண்டும்” என்கிறார் அவர். கேள்வி ஒன்றுதான். கண் தெரிந்த இரண்டு பேர் நாற்காலி கேட்கிறார்கள், கண் தெரியாதவர் கண் கேட்கிறார். பெத்சாயிதாவில் ஒன்று, எரிகோவில் ஒன்று என இரண்டு சுகங்களையும் இரண்டு முனையிலும் வைத்து, நடுவில் சீஷர்களை நடக்க விட்டிருக்கிறார் மாற்கு. எழுதத் தெரிந்த ஆள்!

யோவான் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வருவோம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர். சீஷர்கள் அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது என்ன? இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? நம் தெருவில் கேட்கிற கேள்விதான் இது. போன ஜென்மம், முன்னோர் சாபம் என்று நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவே. சபைகளிலும் சாபத்தை முறிக்கிறேன் என்று கூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதர் எதிரே இருக்கிறார், பேசினால் அவருக்குக் காது கேட்கும். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி விவாதம். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அந்த விவாதத்தை முடித்துவிட்டு வேலையில் இறங்குகிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைகளை மேடையில் பேசும்போது, கண் தெரியாதவர்கள் என்றால் விசுவாசம் இல்லாதவர்கள் என்பதுபோல ஒரு வாடை வந்துவிடுகிறது. இன்று நம் நடுவிலும் பார்வை இல்லாத சகோதரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவிசேஷம் அப்படிச் சொல்லவே இல்லை. இந்தக் கதைகளில் கண் தெரியாதவர்கள்தான் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். தடுமாறுகிறவர்கள் எல்லாரும் கண் நன்றாகத் தெரிகிறவர்கள்.

அந்த மனிதர் சீலோவாம் குளத்தில் கழுவிவிட்டுப் பார்வையோடு வருகிறார். (2004இல் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது அந்தக் காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் கிடைத்தன. ஊர் எதுவானாலும் குழி தோண்டினால்தான் சரித்திரம் வெளியே வருகிறது.) வந்தவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன சொன்னார்கள்? உட்கார்ந்து பிச்சை கேட்டவன் இவன்தானே என்று சிலர். இல்லை, அவன் ஜாடையில் இருக்கிறான் என்று சிலர். யோசித்துப் பாருங்கள். தினமும் கடந்து போனவர்கள். அந்த மனிதர் எழுந்து நடந்து வந்தால் அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவர்கள் பார்த்தது நீட்டிய கையைத்தான். முகத்தைப் பார்த்தவர் அவர்களில் எத்தனை பேரோ!

யூத மதத் தலைவர்களான பரிசேயர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். பெற்றவர்கள் பயந்து, “வயதுள்ளவன், அவனையே கேளுங்கள்” என்று நழுவுகிறார்கள். பெற்ற பிள்ளைக்குக் கண் வந்த நாள், அந்தச் சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குப் பயம். இவர் மட்டும் அசையவில்லை. “நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.” எனக்குத் தெரியாது என்பதையும் இவர் தயங்காமல் சொல்கிறார், தெரிந்ததையும் தயங்காமல் சொல்கிறார். முதலில் “இயேசு என்னப்பட்ட ஒருவர்” என்கிறார். கேள்வி இறுக இறுக, “தீர்க்கதரிசி” என்கிறார். அப்புறம் தேவனிடத்திலிருந்து வந்தவர் என்கிறார். ஜெப ஆலயத்தைவிட்டுத் தள்ளப்பட்ட பிறகு, இயேசு தேடி வந்து பேசியபோது, “ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்” என்று பணிந்துகொள்கிறார். கண் ஒரே கழுவலில் திறந்துவிட்டது. விசுவாசம் அந்த அதிகாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது, அதுவும் அடி வாங்கி வாங்கி.

விசாரித்தவர்கள் பேச்சைக் கவனியுங்கள். “நாங்கள் அறிந்திருக்கிறோம்”, “நாங்கள் அறிவோம்” என்றே பேசுகிறார்கள். கடைசியில் இயேசு சொல்வது எனக்கு இன்றும் பயம் தருகிற வசனம்: நீங்கள் குருடராக இருந்தால் உங்களுக்குப் பாவமிராது, காண்கிறோம் என்று சொல்கிறபடியினால் உங்கள் பாவம் நிலைநிற்கிறது.

எருசலேமை விட்டு நம் ஊருக்கு வருவோம். 1606இல் இத்தாலியிலிருந்து வந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னாலேயே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குரு இங்கே இருந்தார். பல வருஷம் உழைத்தும் மதுரைக்காரர் யாரும் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. கிறிஸ்துவைச் சொல்வதற்குப் பரங்கி உடையும் பரங்கி உணவும் தேவையில்லை என்பதை தெ நொபிலி கண்டுகொண்டார். காவி உடுத்தினார், மரக்கறி சாப்பிட்டார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். பெரிய பார்வைதான் அது, ரோம் வரை விவாதம் போய் 1623இல் போப்பாண்டவரே அனுமதி கொடுத்தார். ஆனால் மேல்சாதியாரை நெருங்குவதற்காக, ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து அவர் விலகி வாழ்ந்தார். அவர்களுக்கென்று தனியே பண்டாரசாமிகள் என்று குருக்களை வைக்க வேண்டி வந்தது. இவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் சில மனுஷர் மரமாகத்தான் தெரிந்தார்கள். அவரைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் உண்டு. செத்த பிறகும் மரம்தான்.

நம் புராட்டஸ்டண்ட் பக்கமும் வாருங்கள். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன், 1847இல் சாதியை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? வேதபாடத் தேர்வு வைக்கவில்லை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றார்கள். சோற்றில் போய்ச் சிக்கிக்கொண்டது. பிரமாணத்தை அடிபிறழாமல் சொன்னவர்கள், பிரசங்கம் செய்துகொண்டிருந்த உபதேசிமார் உட்பட, பந்தியில் உட்கார மாட்டோம் என்று எழுந்து போனார்கள். அட்டையைத் திருப்பிப் பிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

இது புதுச் சோதனையும் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வழி நெடுக இயேசுவே வேதபாடம் நடத்துகிறார். இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது என்று பிறகு சொன்னார்கள், உண்மைதான். ஆனாலும் ஆளை அடையாளம் தெரியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று முன்பின் தெரியாத ஒருவரை வருந்தி அழைத்து, பந்தியில் உட்கார வைத்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. அந்தச் சாயங்காலம் “சரி, போய் வாங்க” என்று வாசலிலேயே அனுப்பியிருந்தால்?

இன்னொரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் வெங்கடசாமி, நாமெல்லாம் அறிந்த அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவைச் சிகிச்சை பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். காசில்லாதவர் கண்ணையும் காசுள்ளவர் கண்ணைப் போலவே பார்த்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர். அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள எனக்கு எண்ணமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் பசித்தவருக்கும் நோயாளிக்கும் செய்தது எனக்கே செய்தது என்று நியாயத்தீர்ப்பில் ஆண்டவர் சொல்கிற மத்தேயு 25ஐ வாசிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. “ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்?” என்று இரண்டு கூட்டமும் கேட்கிறது. செய்தவர்களுக்கும் தெரியவில்லை, செய்யாதவர்களுக்கும் தெரியவில்லை. செய்தவர்கள் எதிரே இருந்த மனுஷரைப் பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது.

“அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கிறதே” என்று யாராவது கலங்கினால், அவர்களுக்கு மாற்கு ஒன்பதில் ஒரு தகப்பன் இருக்கிறார். பிள்ளைக்குச் சுகமில்லை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்துகிறார். ஒரே மூச்சில் இரண்டும். பாதிப் பார்வைக்காரரின் ஜெபம் அது. அந்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, பிள்ளை பிழைத்தான்.

கடைசியாக ஒரு சின்ன விண்ணப்பம், கமிட்டியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈஸ்டர் முடிந்ததும் நம் சபையில் அன்பின் விருந்து வருகிறது. அண்டா கழுவவும் இலை எடுக்கவும் ஆள் வருவார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின், மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவார்கள். இந்த வருஷம் அவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பக்கத்து இலையில் கமிட்டியார் உட்காரட்டும். பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் சோற்றில் கை வைக்கலாம். இலை எடுக்கிற வேலைக்கு முதல் ஆளாக என் பேரை எழுதிக்கொள்ளுங்கள், இன்னும் நாலு பேர் வேண்டும்.