சோற்றைக் குறைத்தால் கொலஸ்ட்ரால் ஏறுமா?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாணப் பந்தியில் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கூட்டையும் பொரியலையும் மட்டும் சாப்பிடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ, கீட்டோ டயட் என்பார். கிண்டல் செய்யவில்லை. எடையும் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பும் இறங்கி நல்ல பலன் கண்டவர்கள் நிறைய. ஆனால் சிலருக்கு மட்டும் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், எகிறிவிடுகிறது.

யாருக்கு? குண்டானவர்களுக்கு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, ஒல்லியாக ஓடியாடி இருப்பவர்களுக்குத்தான் அதிகம். மாவுச்சத்து உள்ளே வராதபோது உடம்பு கொழுப்பை எரித்தே ஓடவேண்டும். அந்தக் கொழுப்பைச் சுமந்து கல்லீரலிலிருந்து கிளம்பும் துகள்கள், சரக்கை இறக்கிய பிறகு எல்.டி.எல். ஆகின்றன என்கிறார்கள். கருத்துதான், முடிந்த முடிவல்ல.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. நிக் நார்விட்ஸ் என்பவர் ஹார்வர்டில் மருத்துவம் படித்தபோது கீட்டோவில் இருந்தார். ஒல்லியான மனிதர், எல்.டி.எல். 384! என்ன செய்தார் தெரியுமா? தினமும் 12 ஓரியோ பிஸ்கட் சாப்பிட்டார். ஆமாம், கடையில் விற்கிற அதே கிரீம் பிஸ்கட். 16 நாளில் 384 என்பது 111 ஆனது. பிஸ்கட்டை நிறுத்திச் சில மாதம் விட்டு, கொலஸ்ட்ரால் மாத்திரையை 6 வாரம் போட்டுப் பார்த்தார். 421-லிருந்து 284-க்குத்தான் இறங்கியது. 2024-இல் கட்டுரையாகவே வந்தது. உடனே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள்! அவரும் அதைச் சிபாரிசு செய்யவில்லை. ஒற்றை ஆள், தன்மேலேயே செய்த சோதனை. ஒல்லி ஆளுக்குக் கொஞ்சம் மாவுச்சத்து திரும்பினாலே அளவு இறங்கலாம் என்று காட்டினார், அவ்வளவுதான்.

"எச்.டி.எல். என்கிற நல்ல கொலஸ்ட்ரால் நன்றாக இருக்கிறதே, எல்.டி.எல். ஏறினால் என்ன?" என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எல்.டி.எல். நெடுநாள் கூடுதலாக இருந்தால் இதய ரத்தக்குழாயில் கொழுப்புப் படியும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கீட்டோகாரருக்கு மட்டும் விதிவிலக்கு என்று யாரும் நிரூபிக்கவில்லை.

சரி, நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயட் தொடங்கும் முன் ரத்தக் கொழுப்பைப் பார்க்கும் லிப்பிட் டெஸ்ட் ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. ஏறியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், தைராய்டையும் பார்க்கச் சொல்வார். நெய், வெண்ணெயைக் குறைத்து ஒரு கரண்டி சோறு சேர்க்கலாமா என்று கேளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் டயட்டைத் தொடங்கவே வேண்டாம். நன்றி, வணக்கம்.